நாகப்பட்டினம் டு சிங்கப்பூர்... போருக்கு வாடகைக்குப் போன ‘ரோனா’வுக்கு என்ன ஆச்சு?

போர்ச் செய்திகளில் ‘வணிகக் கப்பல்’ என்ற வார்த்தை வந்தால், சண்டைக்குச் சம்பந்தமில்லாத கப்பல்னு நினைச்சுக்கிறோம். எல்லா நேரமும் அப்படி இல்லை. உதாரணம், ‘ரோனா’.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் கட்டப்பட்ட கப்பல் இது. ரூட்? சென்னை, நாகப்பட்டினம், சிங்கப்பூர். நம்ம தாத்தா, பாட்டிகள் சொல்லும் ‘ரஜூலா’ கப்பலின் ஜோடி.

1940-ல் பிரிட்டிஷ் அரசு இதைப் படைவீரர்களை ஏற்றிச்செல்ல எடுத்துக்கொண்டது. பெயருக்குத்தான் வாடகை, போர்க்காலத்தில் கம்பெனி ‘முடியாது’ன்னு சொல்ல முடியாது. ஆனால் கப்பலை ஓட்டியது கடற்படை இல்லை, அதே பழைய ஊழியர்கள்தான். பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். பிரிட்டிஷ் மாலுமிகளைவிட மிகக் குறைந்த சம்பளம்.

1943 நவம்பர் 26. சுமார் 2,000 அமெரிக்க வீரர்களுடன் அல்ஜீரியா கடற்கரையை ஒட்டி கிழக்கே போய்க்கொண்டிருந்தது ரோனா. போக வேண்டிய இடம் இந்தியா. ஜெர்மன் விமானம் ஒன்று, ரேடியோ மூலம் திசை திருப்பக்கூடிய ‘ஹென்ஷல் 293’ குண்டை ஏவியது. இன்றைய ஏவுகணைகளின் முன்னோடி அது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அதில் 1,015 பேர் அமெரிக்க வீரர்கள். எதிரித் தாக்குதலில், கடலில் ஒரே கப்பலோடு அமெரிக்கா இத்தனை துருப்புகளை இழந்தது வேறெப்போதும் இல்லை.

ஆனாலும் போர் நடந்தபோது கப்பலின் பெயரும், தாக்கிய ஆயுதமும் வெளியே வரவில்லை. புது ஆயுதம் பலித்துவிட்டது என எதிரிக்குத் தெரியக்கூடாது என்பது கணக்கு. குடும்பங்களுக்கு முழு விவரம் கிடைக்கப் பல வருஷம் ஆச்சு.

உயிர் பிழைத்த வீரர்கள் பலருக்கு இந்திய ஊழியர்கள் மேல் கோபம். உயிர்காக்கும் படகுகளை இறக்கவே தெரியலைன்னு குற்றச்சாட்டு. ஆனால் பெயின்ட்டும் துருவும் ஏறி, படகுகளை இறக்கும் கருவிகளே இறுகிக் கிடந்ததாகவும் அதே வீரர்கள்தான் சொன்னார்கள். அந்தப் பழியை டெக்கில் நின்ற தொழிலாளிமேல் மட்டும் போடுவது நியாயமா தெரியலை. அந்த ஊழியர்கள் தரப்புக் கதையை நாம் கேட்டதே இல்லை.

ரஜூலாவும் போருக்குப் போனது. அது திரும்பி வந்து 1970-கள் வரை ஓடியது.

போரில் இறந்த பிரிட்டிஷ் வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் லண்டன் டவர் ஹில்லில் பலகைகளில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இந்திய மாலுமிகளுக்கு? பெரும்பாலும் மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைக்கப்பட்ட பதிவுப் புத்தகங்கள்தான்.