கைப்பட்டையில் சிப் வேண்டும், பெயர் வேண்டாம்

அந்தமான் நிக்கோபாரில் நோய் முற்றியவர்கள் கடைசியில் வந்து சேரும் இடம், ஸ்ரீ விஜயபுரமாகிவிட்ட போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனை. அதையும் தாண்ட வேண்டுமென்றால் கடல் கடந்து சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோதான் போக வேண்டும். தமிழ், வங்காளம், தெலுங்கு, நிக்கோபாரி பேசுவோர் அடுத்தடுத்த கட்டில்களில் படுக்கும் தீவு இது. நர்ஸ் சொன்ன பெயர் புரியாமலேயே ஒருவர் தலையாட்டிவிட்டால், அடுத்த கட்டிலுக்கான ஊசி அவருக்கு ஏறிவிடக்கூடும்.

ஆகவே உள்நோயாளிகளின் கைப்பட்டையிலும் ஆபத்து மிகுந்த மருந்துகளிலும் பாதுகாப்பான வயர்லெஸ் சிப் பொருத்த வேண்டும் என்பது நோயாளர் நலனுக்கான எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. தொடக்கம் ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே அமையட்டும். ரத்தப்போக்கை நிறுத்தும் டிரானெக்சாமிக் அமிலமும், முதுகில் போடும் மரப்பு மருந்தான பியூபிவகைனும் சின்னக் கண்ணாடி ஆம்பியூலில் வரும் நிறமற்ற திரவங்கள். பியூபிவகைனுக்குப் பதில் டிரானெக்சாமிக் அமிலம் முதுகில் ஏறினால் வலிப்பு வரும், உயிரே போகலாம். உலக சுகாதார நிறுவனமே இதுபற்றி எச்சரித்திருக்கிறது.

பாஸ்டனின் பிரிகாம் மருத்துவமனையில் கட்டிலருகே பார்கோடு சரிபார்த்தபோது, நேரத் தவறுகள் நீங்கலாக, மருந்து கொடுப்பதில் நேர்ந்த பிழைகள் 11.5 சதவீதத்திலிருந்து 6.8 ஆகக் குறைந்தன. 2010-இல் வெளியான ஆய்வு அது. ஆனால் பார்கோடு கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். பட்டை கசங்கினாலோ ரத்தக்கறை படிந்தாலோ கருவி படிக்காது. தூங்குபவரின் கையைப் போர்வைக்குள்ளிருந்து இழுத்துத் திருப்ப வேண்டியிருக்கும். சிப்புக்கு அந்தத் தொல்லை இல்லை.

எந்த சிப் என்பதுதான் முக்கியம். 2008-இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் புழங்கிய மைஃபேர் கிளாசிக் என்ற வயர்லெஸ் சிப் அட்டையின் ரகசியக் குறியீட்டை உடைத்து, அதைப் போலி செய்ய முடியும் என்று காட்டினார்கள். விலை மலிவென்று அத்தகைய பழைய சிப்பை வாங்கக் கூடாது. சிப்பில் பெயரோ நோயோ ஆதார் எண்ணோ இருக்கக் கூடாது. பொருளற்ற ஒரு எண் போதும்.

2008-இல் வெளியான ஆய்வின்படி, ஆம்ஸ்டர்டாமில் நடந்த 123 சோதனைகளில் 34 முறை, இத்தகைய சிப்பைப் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. அலை மருத்துவக் கருவிகளைக் குழப்பியது. அவற்றில் 22 அபாயகரமானவை. எனவே வென்டிலேட்டர் பக்கத்தில் சோதித்துப் பார்த்த பிறகே வார்டுக்குக் கொண்டுவர வேண்டும். சென்னையிலிருந்து 2020-இல் கடலடி கேபிள் வந்துவிட்டது என்றாலும், சர்வர் மருத்துவமனைக்குள்ளேயே இருக்க வேண்டும். இணைப்பு அறுந்தாலும் சரிபார்ப்பு நிற்கக் கூடாது.

கருவி எச்சரித்தும் மருந்து கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால் இரண்டாவது நர்ஸ் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். கருவி பிடித்துத் தடுத்த தவறுக்காக யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த வாரமே கருவியை ஓரம் கட்டிவிடுவார்கள்.