நங்கூரம் பிடிச்சிருக்கா பாஸ்?

செமஸ்டர் லீவுக்கு ஊட்டி, கொடைக்கானல்னு பிளான் போட்டு, கடைசி நிமிஷத்துல நாலு பேர் கழண்டுக்கிட்டு, மிச்சப் பேர் வீட்டுலயே குப்புறப் படுத்துக் கிடக்குற கோஷ்டியா நீங்க? கவலையை விடுங்க. இந்த வாரம் உங்களை ஓசியிலேயே மெக்ஸிகோ கூட்டிட்டுப் போறேன். அதுவும் பாய்மரப் படகுல!

மேப்பை எடுங்க. மெக்ஸிகோவோட மேற்கு ஓரத்துல வால் மாதிரி தெற்கே நீளுதே, அதுதான் பாஹா கலிஃபோர்னியா. அந்த வாலுக்கும் மெக்ஸிகோவுக்கும் நடுவுல இருக்கிறது கோர்டெஸ் கடல். நீளம் 1,000 கி.மீ-க்கு மேல. ஸ்பெஷல் என்னன்னா, கரையெல்லாம் பாலைவனம். செக்கச்செவேல்னு மலை, அதுல பனைமரம் கணக்கா நிற்கிற கார்டோன் கள்ளி, கீழே பளிங்கு மாதிரித் தண்ணி. இங்கே இருக்கிற தீவுகளை 2005-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்த்தது.

நம்ம ரூட், லா பாஸ்ல கிளம்பி வடக்கே லொரேட்டோ. கடல்ல 200 கி.மீ. சொச்சம். படகு மணிக்கு 9 கி.மீ. போனாலே பெரிய விஷயம். சைக்கிள்ல போறவர் நம்மளைப் பார்த்து டாட்டா காட்டுவார்! அதனால தினமும் கொஞ்ச தூரம் போய், ஏதாவது ஒரு சின்னக் குடாவுல நங்கூரம் போட்டுத் தூங்கணும். எஸ்பிரித்து சாந்தோ தீவு, தூண்டில் முள் மாதிரி வளைஞ்ச சான் ஃபிரான்சிஸ்கோ தீவு, ஆகுவா வெர்டே... வழியெல்லாம் இப்படிக் குடாக்கள்தான். பல இடத்துல கடை கிடையாது, செல்போன் டவர் கிடையாது, குழாய் கிடையாது.

முதல் கணக்கு தண்ணி. குடிக்க, சமைக்க ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர்னு வைங்க. ரெண்டு பேர், 10 நாள்னா 80 லிட்டர். குளியல் கடல்ல. பாத்திரம் கழுவுறதும் கடல் தண்ணியிலதான், கடைசியா ஒரு டம்ளர் நல்ல தண்ணி. ஹாஸ்டல்ல குழாயைத் திறந்து விட்டுட்டுப் பல் தேய்க்கிற மகராசன்கள் நோட் பண்ணிக்கங்க.

ரெண்டாவது, நங்கூரம். 'கனமான இரும்பைத் தூக்கிப் போட்டா படகு நிக்கும்'னுதானே நினைச்சீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். படகை நிறுத்துறது வெறும் கனம் இல்லை, கோணம். ஆழம் 5 மீட்டர், படகு முனை தண்ணிக்கு மேல 1 மீட்டர், மொத்தம் 6. அதைப் போல 5 மடங்கு, அதாவது 30 மீட்டர் சங்கிலியாவது விடணும். அப்பதான் இழுவை தரையோடு படுத்த மாதிரி இருக்கும், நங்கூரம் மணலைக் கவ்வும். சங்கிலி குறைஞ்சா இழுவை மேல்நோக்கி வந்து, நங்கூரம் பிடுங்கிட்டு வந்துடும். போட்டதும் இன்ஜினை ரிவர்ஸ்ல கொடுத்து இழுத்துப் பார்க்கணும். அப்புறம் கரையில ஒரு பாறை, அதுக்குப் பின்னாடி ஒரு கள்ளி, ரெண்டும் ஒரே கோட்டுல தெரியுற மாதிரிப் பார்த்து வெச்சுக்கணும். கோடு கலைஞ்சா, படகு நகருதுன்னு சந்தேகம் வரணும்.

'இவ்வளவு பில்டப் எதுக்கு?'ன்னா, அங்கேதான் கோரோமுவேல் வருது. நம்ம ஊர் மீனவர்கள் வாடை, கொண்டல்னு காத்துக்குப் பேர் வெச்ச மாதிரி, லா பாஸ்காரங்க வெச்ச பேர் அது. வெயில் காலத்துல பாலைவனம் கொதிக்குது. பக்கத்துல பசிபிக்ல காத்து ஜில்லுனு இருக்கு. சாயங்காலத்துக்கு மேல அந்தக் காத்து தாழ்வான நிலத்து வழியா இந்தப் பக்கம் பாய்ஞ்சு வருது. எஸ்பிரித்து சாந்தோவோட அழகான குடாக்கள்ல பெரும்பாலானவை மேற்கே பார்த்துத் திறந்திருக்கு. கோரோமுவேல் வர்றது தென்மேற்குல இருந்து. மத்தியானம் சொர்க்கமா இருந்த இடம், நடுராத்திரி உங்களைப் பாறைப் பக்கம் தள்ளுது. 'பார்த்துக்கலாம் மச்சி'ன்னு போர்த்திட்டுப் படுத்தா முடிஞ்சது கதை. டார்ச்சோட எழுந்து போய்ப் பார்க்கிறவன் படகுதான் காலையில மிதக்கும்.

இதே கரைக்கு 1940-ல ஒரு ஜோடி வந்தது. ஒருத்தர் ஜான் ஸ்டெய்ன்பெக், பின்னாடி 1962-ல நோபல் வாங்கின எழுத்தாளர். கூட வந்தவர் அவர் நண்பர் எட் ரிக்கெட்ஸ். பாய்மரம் இல்லை, வாடகைக்கு எடுத்த மத்தி மீன்பிடிப் படகு. சுமார் ஆறு வாரம், கடல் வத்தின நேரத்துல பாறை இடுக்குல குனிஞ்சு, 500-க்கும் மேற்பட்ட வகை உயிர்களைச் சேகரிச்சாங்க. எது, எங்கே, எப்போன்னு எல்லாத்தையும் குறிச்சு வெச்சாங்க. 1941-ல புத்தகமாவும் வந்தது.

ரிக்கெட்ஸ் சிகாகோ பல்கலைக்கழகத்துல படிச்சவர். ஆனா, டிகிரி முடிக்கலை! உடனே கிளாஸைக் கட் அடிக்கக் கிளம்பிடாதீங்க பாஸ், மேட்டர் அது இல்லை. 2004-ல விஞ்ஞானிகள் குழு ஒண்ணு அதே பாதையில போச்சு. பல இடங்கள்ல அந்தக் காலத்து அளவுக்கு உயிர்கள் இல்லை. 'இல்லை'ன்னு அவங்களால அடிச்சுச் சொல்ல முடிஞ்சதே, 64 வருஷம் முன்னாடி ஒருத்தர் பொறுமையா எண்ணி எழுதி வெச்சதாலதான். எழுதாம விட்டிருந்தா, காணாமப் போனது யாருக்குமே தெரிஞ்சிருக்காது.

நமக்குப் படகு கிடையாது, சரி. காலேஜ் பின்னாடி ஒரு குளமாவது இருக்கும்ல? இன்னைக்கு எத்தனை கொக்கு, தண்ணி எந்தப் படி வரைக்கும்னு நோட்டுல தேதி போட்டு ஒரு வரி எழுதுங்க. அடுத்த செமஸ்டர்லயும் எழுதுங்க. அரியர் எத்தனைன்னு அந்த நோட்டு கேட்காது.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி மட்டும், அந்தப் பாறையும் கள்ளியும் ஒரே கோட்டுல இருக்கான்னு ஒரு தடவை எட்டிப் பார்த்துடுங்க. குட்நைட்!