வாட் மட்டும் கேட்டால் போதாது



தோசைக்கு அரிசி கேட்பவரிடம் பச்சரிசியா, புழுங்கலா என்று கேட்காமல் எந்த மளிகைக்காரரும் படியைக் கையில் எடுப்பதில்லை. ஆனால் மின்சாமான், ரேடியோ உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களில் சிலர், ஸ்பீக்கர் கேட்டு வருபவரிடம் "எத்தனை வாட்?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். "எத்தனை ஓம்?" என்று கேட்பதில்லை. இது சரியன்று.

இதன் விளைவை அறியக் கிடார் கலைஞர்களின் வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பார்த்தால் போதும். ரேடியோவை விட்டு வால்வு போய்விட்டாலும், அதன் ஓசைக்காகக் கிடார் வாசிப்போர் அதை விடவில்லை. அமெரிக்காவின் பெண்டரும் இங்கிலாந்தின் மார்ஷலும் இன்றும் அவற்றைத் தயாரிக்கின்றன.

வால்வுக்கு மின்னழுத்தம் அதிகம், மின்னோட்டம் குறைவு. ஸ்பீக்கருக்கு நேர்மாறு. இடையே தரகர் போல நின்று மாற்றிக் கொடுப்பது அவுட்புட் டிரான்ஸ்பார்மர். அதன் சுற்று விகிதம் 25-க்கு 1 என்றால், 8 ஓம் ஸ்பீக்கர் வால்வுக்கு 5,000 ஓமாகத் தெரியும். அங்கே 4 ஓம் மாட்டினால் 2,500. 16 ஓம் மாட்டினால் 10,000. கணக்குத் தவறினால் ஓசை கெடும், வால்வின் ஆயுள் குறையும். ஸ்பீக்கரே இல்லாமல் உரக்க வாசித்தால் டிரான்ஸ்பார்மரே எரிந்துபோகலாம். டிரான்சிஸ்டர் செட்டில் பொதுவாக ஸ்பீக்கர் இல்லாவிட்டால் பாதகமில்லை. ஓம் குறைந்தால்தான் ஆபத்து. ஆகவே எந்த வகை ஆம்ப்ளிஃபயர் என்பதையும் கேட்க வேண்டும்.

பெண்டரின் டுவின் ரிவெர்பில் 8 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு இணையாக மாட்டப்பட்டு 4 ஓம் ஆகின்றன. ஒன்று பழுதாகி, அதற்குப் பதில் நாம் 4 ஓம் ஸ்பீக்கரைக் கொடுத்துவிட்டால் மொத்தம் 3 ஓமுக்கும் கீழே இறங்கிவிடும். வாட் சரியாக இருந்தும் பயனில்லை.

8 ஓம் ஸ்பீக்கரை மீட்டரில் வைத்தால் ஏறக்குறைய 6 ஓம்தான் காட்டும். மீட்டர் அளப்பது கம்பிச் சுருளின் எதிர்ப்பை மட்டுமே. குறையுள்ள சரக்கு என்று வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தால், விளக்கிச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"கேட்டதைக் கொடுத்தேன்; மாட்டுவது மெக்கானிக் பொறுப்பு" என்று சிலர் வாதிடலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அந்த வாதம் எல்லா நேரத்திலும் நிற்கும் என்று சொல்ல முடியாது. பயன்படுத்தும் முறை பற்றித் தயாரிப்பாளர் தரும் குறிப்பையும் எச்சரிக்கையையும் வாங்குபவரிடம் சேர்க்கத் தவறி, அதனால் தீங்கு நேர்ந்தால் விற்றவரையும் அச்சட்டம் பொறுப்பாக்குகிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஆம்ப்ளிஃபயர் எரிந்துபோனவர் மறுபடி நம் கடைப்படி ஏறுவாரா?

செய்ய வேண்டியது எளிது. ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் எழுதியிருக்கும் ஓம் அளவைப் பார்த்து வரச் சொல்லுங்கள். பில்லில் வாட்டோடு ஓமையும் எழுதுங்கள். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அரை நிமிட வேலைதான். காப்பாற்றுவது கடையின் நாணயத்தை.