மாட்ஸ் ஸ்டீன்: ஒஸ்லோவிலிருந்து களமருதூருக்கு ஒரு திறந்த மடல்

களமருதூர் ஊராருக்கு,

நார்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் 2014 நவம்பர் 18 அன்று மாட்ஸ் ஸ்டீன் என்ற இளைஞர் இறந்தார். வயது 25. நாலு வயதிலேயே அவருக்கு டூஷென் வகைத் தசைச்சிதைவு நோய் இருப்பது தெரிந்துவிட்டது. இருபதைத் தாண்டுவது கடினம் என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேலும் சில ஆண்டுகள் இருந்தார்; கடைசிக் காலத்தில் அவர் சொன்னபடி கேட்டவை விரல்கள் மட்டுமே.

அந்த விரல்களால் அவர் நாளெல்லாம் கணினியில் விளையாடினார். பெற்றோர் ராபர்ட்டும் துரூடேயும் இதை நினைத்து வருந்தாத நாள் இல்லை. நண்பன் இல்லாமல், காதல் இல்லாமல், யாருக்கும் எந்த உபயோகமும் இல்லாமல் மகனின் வாழ்க்கை முடிந்துவிட்டது என்றே நம்பினார்கள். மாட்ஸ் ஒரு வலைப்பூ எழுதிவந்தார். அதன் கடவுச்சொல் அவர்களிடம் இருந்தது. நாலு பேருக்காவது தெரியட்டும் என்று மரணச் செய்தியை அதில் போட்டார்கள். அவரோடு கணினியில் விளையாடியவர்களிடமிருந்து மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின, பல நாடுகளிலிருந்து. ஒவ்வொன்றிலும் பக்கம் பக்கமாகத் துக்கம்.

அந்த விளையாட்டின் பெயர் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே கற்பனை நாட்டில் ஆளுக்கொரு வேடம் பூண்டு உலவும் விளையாட்டு, ஏறக்குறைய நம் தெருக்கூத்துபோல. விடிந்தாலும் முடியாது என்பதுதான் வித்தியாசம். மாட்ஸ் பூண்ட வேடம் இபெலின், திடகாத்திரமான ஒரு துப்பறிவாளன். விளையாட உட்கார்ந்ததும் இபெலின் முதலில் காட்டுப் பாதையில் ஓடுவான். எட்டு வயதுக்குப் பிறகு நடக்காத ஒருவரின் அன்றாட ஓட்டம் அது. ‘ஸ்டார்லைட்’ என்ற குழுவில் எல்லோருடைய வீட்டுக் கதையும் அவருக்குத் தெரியும். நெதர்லாந்துப் பெண் ஒருத்தியின் கணினியைப் பெற்றோர் பிடுங்கி வைத்தபோது, அவளுக்காகப் பரிந்து அவர்களுக்கே கடிதம் எழுதினார். மகனிடம் நெருங்க முடியாமல் தவித்த டென்மார்க் தாய்க்கு, விளையாட்டுக்குள்ளேயே அவனைக் கட்டிக்கொள்ளும்படி யோசனை சொன்னார், அது பலித்தது. அவரும் மகான் இல்லை. சிலரிடம் கடுமையாகப் பேசினார், பகைத்துக்கொண்டார், பிறகு மன்னிப்பும் கேட்டார். தம் நோயைக் குழுவினரிடம் பல ஆண்டுகள் மறைத்தே வைத்திருந்தார். 2013-இல்தான் வலைப்பூ வழியாக அது வெளியே வந்தது. பரிதாபம் கலக்காத பேச்சு அவருக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் குழு. அதை இழக்க அவர் விரும்பவில்லை.

இறுதிச் சடங்குக்குக் குழுவிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள். மாட்ஸை அவர்கள் நேரில் பார்த்ததே இல்லை. சவப்பெட்டியின் மேல் குழுவின் கொடி இருந்தது. இயக்குநர் பெஞ்சமின் ரே எடுத்த ‘இபெலின்’ ஆவணப்படம் 2024-இல் வெளிவந்து சண்டான்ஸ் திரைப்பட விழாவில் இரு விருதுகள் பெற்றது. மாட்ஸ் அந்த உலகில் பேசியதும் செய்ததும் எழுத்தாகவே சேமிக்கப்பட்டிருந்ததால் படம் சாத்தியமாயிற்று.

மாட்ஸுக்கு இருந்த டூஷென் நோயின் முதல் அடையாளத்தைத் திண்ணையிலிருந்தே பார்த்துவிடலாம். தரையில் உட்கார்ந்திருக்கும் பையன் நேராக எழமாட்டான். குப்புறத் திரும்புவான், இரண்டு கைகளையும் ஊன்றுவான், இடுப்பைத் தூக்குவான். பிறகு கையை முழங்காலில் வைத்து, தொடையில் வைத்து, தன் உடம்பின் மேல் தானே ஏறுவதுபோல நிமிர்வான். வில்லியம் கவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1879-இல் இதை விவரித்தார். கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கும். பிள்ளைக்கு நல்ல சதைப்பிடிப்பு என்று பாட்டி திருஷ்டி கழிப்பாள். பலமில்லாத சதை அது. பள்ளியில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர். ரத்தத்தில் சி.பி.கே. என்ற நொதியின் அளவைப் பார்த்தால் இயல்பைவிடப் பல மடங்கு இருக்கும். அதன் பிறகு மரபணுப் பரிசோதனை உறுதி செய்யும். கோவையில் இந்த நோய்க்கென்றே ஒரு மரபணு ஆய்வு மையம் இயங்குகிறது.

தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதம் உடம்பில் உருவாகாததே நோய்க்குக் காரணம். அதற்கான மரபணு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருப்பதால் நோய் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளையே தாக்குகிறது. 3,500 முதல் 5,000 ஆண்குழந்தைகளில் ஒருவரை. ஊரில் இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு: அக்கா மகளைக் கட்டியது, அல்லது மருமகள் கொண்டுவந்தது. டூஷென் வகைக்கு உறவுத் திருமணம் காரணமில்லை. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகளில் மட்டும் அது வாய்ப்பைக் கூட்டும். மருமகள் மேல் பழி போடுவதும் தவறு. டூஷென் நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்தக் குறை பரம்பரையில் வந்ததே இல்லை, புதிதாக நேர்ந்தது. தாயிடமிருந்து வந்தாலும் அவள் அறிந்து செய்த தவறு அதில் ஏதுமில்லை. அடுத்த பிரசவத்துக்கு முன் தாயும், கல்யாண வயதில் நோயாளியின் அக்கா தங்கைகளும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

முழுதாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஸ்டீராய்டு மாத்திரையும் இயன்முறைப் பயிற்சியும் நடக்கும் காலத்தை நீட்டுகின்றன. இதயத்தையும் மூச்சையும் கவனித்தால் ஆயுள் கூடுகிறது. அமெரிக்கா 2023-இல் அனுமதித்த மரபணு மருந்து ஒன்றின் விலை 32 லட்சம் டாலர். நடக்க இயலாத இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததை அடுத்து, 2025-இல் அத்தகையோருக்கு அதைத் தருவது நிறுத்தப்பட்டது.

களமருதூரிலிருந்து பார்த்தால் ஒஸ்லோவுக்கும் ஊருக்கும் உள்ள வேறுபாடு மருந்தில் இல்லை. மாட்ஸ் வீட்டோடு ஒட்டிய தனிக் குடியிருப்பில் இருந்தார். பராமரிப்பாளர்கள் முறைவைத்து வந்தார்கள். ஊரில் அந்த வேலை முழுவதும் அம்மா தலையில். பன்னிரண்டு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறுகிறவளுக்கு முதுகுவலி பேச்சுக்கே வராது. ஆனாலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் தசைச்சிதைவும் ஒன்று. தமிழ்நாடு அரசு தசைச்சிதைவு நோயாளிகளுக்குப் பராமரிப்பு உதவித்தொகையாக மாதம் ரூ.2,000 தருகிறது. சேலத்தில் வானவன் மாதேவியும் தங்கை இயல் இசை வல்லபியும் தாங்களே தசைச்சிதைவோடு வாழ்ந்துகொண்டு மற்ற நோயாளிகளுக்காக ஆதவ் அறக்கட்டளையை நடத்தினார்கள். வானவன் மாதேவி 2017 ஜனவரியில் காலமானார்.

களமருதூர் அடங்கிய கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். அடையாள அட்டைக்கும் உதவித்தொகைக்கும் விழுப்புரம் வரை அலைய வேண்டியதில்லை. திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலகத்திலேயே மனு கொடுக்கலாம். கையைத் தொடையில் ஊன்றி எழும் பையன் கண்ணில் பட்டால், மந்திரிக்கப் போனாலும் போங்கள், சி.பி.கே. பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். அவன் கைப்பேசியோடே கிடக்கிறான் என்று அதைப் பிடுங்கும் முன், அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று அவனையே கேளுங்கள். ராபர்ட்டும் துரூடேயும் அதைத் தெரிந்துகொண்டபோது மகன் இல்லை.