எடை எடுத்தால் போதுமா? பிள்ளைகளின் உடலும் அமானிதமே!

பலவீனமான முஃமினைவிட வலிமையுள்ள முஃமின் அல்லாஹ்வுக்கு மிகவும் உவப்பானவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்னும் கருத்துடைய நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஜும்ஆ உரையில் இதைக் கேட்டுத் தலையசைக்கும் நாம், நம் பிள்ளைகளின் உடலை எந்நிலையில் வைத்திருக்கிறோம்?

தாராபுரத்தில் நம் வீட்டுப் பிள்ளையின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். காலையில் மக்தப், பகலில் பள்ளி, மாலையில் டியூஷன், இரவில் கைப்பேசி. 5 முதல் 17 வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் களைக்க இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த 60 நிமிடம் எங்கே? விளையாட்டுப் பாடவேளையையும் கணக்குப் பாடம் விழுங்கிவிடுகிறது.

2019இல் தொடங்கிய ஃபிட் இந்தியா இயக்கம், பள்ளிப் பிள்ளைகளின் உடற்திறனை அளக்க முறை வகுத்துள்ளது. முதல் மூன்று வகுப்புகளுக்கு உயரத்துக்கேற்ற எடை, ஒற்றைக்காலில் சமநிலை, இரு வட்டுகளை மாறிமாறித் தட்டும் கைவேகம் ஆகியவை அளக்கப்படுகின்றன. நல்லதே. ஆனால் எண்ணைக் குறித்துப் பதிவேட்டை மூடிவிட்டால் யாருக்குப் பயன்? கனடாவில் 8 முதல் 12 வயதினருக்கான மதிப்பீடு, உடற்திறனோடு அன்றாடப் பழக்கம், ஆர்வமும் தன்னம்பிக்கையும், உடலைப் பற்றிய அறிவு ஆகியவற்றையும் அளக்கிறது. அதையே உடல்சார் எழுத்தறிவு என்கின்றனர். "உனக்கு ஓடப் பிடிக்குமா?" என்று நம் குழந்தையிடம் யார் கேட்டார்? எடையைச் சொல்லி "குண்டன்" என்று கேலி செய்வதுதான் மிச்சம். பட்டப்பெயர் சூட்டுவதைத் திருக்குர்ஆன் (49:11) தடுத்திருப்பதையும் மறந்தோம்.

இதனினும் கொடிது, எட்டு வயதுச் சிறுமியை "பொம்பளைப் பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?" என்று உட்கார வைத்துவிட்டு, அதற்கு மார்க்கத்தின் பெயரைச் சூட்டுவது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகளார் (ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. மார்க்கம் தடுக்காததைத் தடுக்க நாம் யார்?

மதிப்பெண் குறையும் என்பர். குறைந்த மதிப்பெண்ணை அடுத்த தேர்வில் மீட்கலாம். பத்து வயதில் பழகாத ஓட்டத்தை, நாற்பதில் சர்க்கரை நோய் வந்து மருத்துவர் நடக்கச் சொல்லும்போதா பழகுவது?

பெற்றோரே, விளையாட்டுப் பாடவேளையைப் பள்ளியிடம் உரிமையோடு கேளுங்கள். அளவீட்டு முடிவைக் கேட்டு வாங்கி, ஆறு மாதம் கழித்து மீண்டும் அளக்கச் சொல்லுங்கள். ஜமாஅத் பொறுப்பாளர்களே, அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே பிள்ளைகள் ஓடியாட ஓரிடம் ஒதுக்குங்கள். சிறுமியருக்கும் தனியே வழி செய்யுங்கள்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் உடலைப் பற்றியும் மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம். அல்லாஹ் நமக்கு நல்லுணர்வைத் தருவானாக!