சும்மா இருக்கும் உடலின் செலவு

சும்மா இருத்தலை நம் ஞானியர் பெரும்பேறாகப் போற்றினர். உடலுக்கோ அப்பேறு ஒரு கணமேனும் வாய்ப்பதில்லை. நாம் அசையாது கிடக்கையிலும் இதயம் துடிக்கின்றது. நுரையீரல் விரிந்து சுருங்குகின்றது. உடல் நிறையில் ஐம்பதில் ஒரு பங்கேயான மூளை, ஓய்வுச் செலவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத் தானே கொள்கின்றது. இச்செலவையே உடலியலார் அடிப்படை அனுசேப வீதம் என்பர்.

இதனை அளக்க நேர்வழி உண்டு. இரவுணவின் பின் ஏதும் உண்ணாத ஒருவரைக் காலையில், வெப்பமும் குளிரும் மிகாத அறையில், விழித்த நிலையிற் படுக்கவைத்து, அவர் பயன்படுத்தும் ஒட்சிசனை அளத்தல் வேண்டும். ஒரு லீற்றர் ஒட்சிசனுக்கு ஏறத்தாழ 4.8 கிலோகலோரி என்பது கணக்கு.

கருவியில்லாத இடத்துக்கென எழுந்தவையே சூத்திரங்கள். ஹரிஸ், பெனடிக்ற் என்னும் அமெரிக்கர் இருவர் 136 ஆடவரையும் 103 பெண்டிரையும் அளந்து, நிறை, உயரம், வயது ஆகியவற்றிலிருந்து கணிக்கும் சமன்பாடுகளை 1919இல் நூலாக வெளியிட்டனர். 1990இல் மிஃப்லின் குழுவினர் 498 பேரை அளந்து புதியதொன்றை வகுத்தனர்.

முப்பது வயதும், 50 கிலோகிராம் நிறையும், 150 சென்ரிமீற்றர் உயரமும் உடைய ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பழைய சூத்திரம் அவளுக்கு நாளொன்றுக்கு 1270 கிலோகலோரி என்கிறது. புதியது 1127 என்கிறது. உடல் ஒன்றே, விடை இரண்டு. இடைவெளியோ நூறு கிராம் சோற்றுக்கும் மேல்! அன்றியும், மூட்டை சுமந்து தசை திரண்ட தொழிலாளியும் நாற்காலியில் அமர்ந்து கொழுத்த எழுதுவினைஞரும் வயதிலும் நிறையிலும் உயரத்திலும் ஒத்திருப்பின், சூத்திரத்துக்கு இருவரும் ஒருவரே.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1985இல் ஐக்கிய நாடுகளின் நிறுவனங்கள் ஏற்ற சமன்பாடுகளுக்கு ஆதாரமான அளவீடுகளிற் பெரும்பகுதி ஐரோப்பியருடையது. அவருள்ளும் இத்தாலியர் மிகப் பலர். அச்சமன்பாடுகள் வெப்பவலய மக்களின் செலவைக் கூட்டிக் காட்டுகின்றன என்பதை ஹென்றி, ரீஸ் என்போர் 1991இல் எடுத்துரைத்தனர். நாமும் அவ்வலயத்து மக்களே அன்றோ?

சூத்திரங்களை எறிந்துவிடுக என்று நான் கூறவில்லை. ஒரு பெருங்கூட்டத்தின் உணவுத் தேவையை மதிப்பிட அவை இன்றியமையாதன. ஆனால், கூட்டத்தின் சராசரியைத் தனியொருவரின் விதியாக்குதல் தகாது. மெலிய விரும்பும் மாணவி ஒருத்தி, தாளிற் கண்ட எண்ணைத் தெய்வவாக்காகக் கொண்டு, பசி கூறுவதைப் புறக்கணித்து உணவைக் குறைப்பாளாயின், அத்தவறு கணிதத்தினுடையதன்று. அதனைக் கற்பித்த முறையினுடையது.

ஆகவே ஆசிரியர்களை வேண்டுகிறேன்: இச்சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும்போது, "யாரை அளந்து இதனைப் பெற்றனர்?" என்ற வினாவையும் அருகே எழுதுங்கள். விடையை மட்டும் அறிந்தவன் பரீட்சையிற் சித்தியடைவான். வினாவையும் அறிந்தவனே எண்ணுக்கு அடிமையாகாதிருப்பான்.