வெள்ளை நாயும் வெயிலும்

ராஜபாளையம் நாய் என்றதும் பால் போன்ற வெண்மையும் ரோஜா நிற மூக்கும் நம் மனக்கண் முன் தோன்றும். 2005-ஆம் வருஷத்தில் தபால் தலையில் இடம் பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆனால் நாம் கொண்டாடும் அந்த நிறமே கோடையில் அதற்குச் சத்துருவாகிறது.

நாய்களின் நிறபேதங்களுக்குக் காரணம் மெலனின் என்னும் வர்ணப் பொருள். அதில் ஒருவகை கருமையையும், மற்றொருவகை செம்மை, மஞ்சள் முதலியவற்றையும் தருகிறது. சூரிய கிரணங்களினின்று சருமத்தைக் காக்கும் குடையும் அதுவே. ரோமத்தோடு சருமமும் வெளுத்த நாய்க்கு அந்தக் குடை இல்லை. மூக்கு, காது நுனி, அடிவயிறு ஆகிய ரோமம் குறைந்த இடங்கள் முதலில் சிவக்கும். பிறகு தோல் உரியும். பல வருஷம் இவ்விதம் வெந்தால் புற்றுநோயும் உண்டாகலாம்.

பரிகாரம் எளிது. உச்சி வெயிலில் அதை வெளியே விடாதீர்கள். காலையில் நிழலில் கட்டினோம் என்று நிம்மதியடைய வேண்டாம். நிழல் நகரும், கயிறு நகராது. வெப்பம் தணியுமென்று ரோமத்தைச் சிரைத்தால் உள்ள போர்வையும் போய்விடும். மனிதருக்கான களிம்பையும் தடவலாகாது. நாய் அதை நக்கும். சில களிம்புகளிலுள்ள துத்தநாகம் அதற்கு விஷம். கால்நடை வைத்தியர் சொல்வதே தக்கது.

வெண்மைக்காக விலை கொடுப்பவர்கள் அந்த வெண்மைக்கு நிழலும் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?